நிலைக்கால்களுக்கு நடுவே ஒரு சைக்கிள்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாரணாபுரத்தில் எங்கள் வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் இருந்தவர்கள் இவர்கள். என் தம்பி இன்பராஜ், சிவகாசியில் ஓர் அச்சாபீசில் மிஷின்மேன். அவன் மனைவி ஞானபூரணி, யூனியன் பிரசவ விடுதியின் மருத்துவச்சி. சைக்கிள் கடை ஒச்சப்பன். விஸ்வநத்தத்துக் கடைசல்காரர் பெத்தணன். எதிர்வீட்டுச் சுப்புத்தாய், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். குடும்பத்துக்கு மூத்தவன் என்ற முறையில் நான், பொன்ராஜ், ஞானபூரணி வாயில் அத்தான். வேறு யாரும் இல்லை. நானும் இருந்தேன், நானும் ஒரு கை பிடித்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பலர். அவர்களை நோகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பம் நன்றி சொல்ல வேண்டிய கைகள் எவை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பெயர்களை முதலிலேயே எழுதிவிட்டேன்.

எங்கள் அப்பா உபதேசியாராக இருந்தவர். வேதக்கோயிலில் எங்களுக்கென்று தனி பெஞ்சு கிடையாது. ஆனால் நாங்கள் உட்காரும் இடத்தில் வேறு யாரும் உட்காருவதில்லை. நான் விருதுநகரில் ஒரு பருத்தி அரவை மில்லில் கணக்கெழுதினேன். ஒரு நாள் மானேஜர் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவன், திரும்பி அந்த வாசலை மிதிக்கவில்லை. எங்கள் வீட்டின் போக்கு அப்படி.

அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. அக்கினி நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே கரிசல் வெடித்து, காலை உள்ளே விடலாம் போலிருந்தது. தீப்பெட்டி ஆபீசுகளுக்கு நல்ல காலம். காய வைத்த குச்சி ஒரே நாளில் காய்ந்தது. ஞானபூரணிக்குத்தான் கெட்ட காலம். அவள் பொறுப்பில் இருந்த கிராமங்களுக்கெல்லாம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்வர வேண்டும். ஒரு நாள் உச்சிவெயிலில் விஸ்வநத்தத்துக்கு அப்பால் ஒரு குடியிருப்புக்குப் போனவள், சாயங்காலம் வந்து கிணற்றடியில் முழங்கை வரை கழுவிக்கொண்டே இருந்தாள். சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்பிலேயே ஆறிக்கொண்டிருந்தன.

"வந்து சாப்பிடும்மா" என்றேன்.

"பிள்ளை போயிட்டுது அத்தான். தாய் பிழைச்சுக்கிட்டா. நான் ஓடைக்கரை ஏறயிலேயே வீட்டுக்குள்ள அழுகைச் சத்தம் கேட்டுச்சு. பிள்ளை அழுற சத்தம் இல்ல."

நான் ஒரு வாளித் தண்ணீர் இறைத்து அவள் பக்கம் வைத்தேன்.

"நடந்து போய் நான் யாரைக் காப்பாத்த? டாக்டரம்மா நேத்து ஒரு சைக்கிளைக் கொடுத்து விட்டிருக்காக. விடுதி வராந்தாவுல நிக்குது. அடுத்த மாசம் வருவாகளாம், ஓட்டிக் காட்டணுமாம். தெரியலைன்னா, தெரிஞ்ச பிள்ளையை இங்கன போட்டுட்டு என்னை முதுகுளத்தூர்ப் பக்கம் மாத்திருவாக."

"மாத்தினா என்ன?"

"இந்த ஊர்த் தாய்மாரு ஒவ்வொருத்தி வயித்துலயும் பிள்ளை எப்படிக் கிடக்குன்னு என் கைக்குத் தெரியும் அத்தான். புதுசா வாரவளுக்கு அது தெரிய ஒரு வருசம் ஆகும்."

பெண் சைக்கிள் ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. விருதுநகரில் மிஷன் நர்சுகள் ஓட்டுவதைப் பார்த்தவன் நான். அப்பழுக்கில்லாத வெள்ளைச் சேலையில், நேராக உட்கார்ந்து போவார்கள். ஆனால் ஓட்டுவது வேறு, ஓட்டப் படிப்பது வேறு. எங்கள் தெருவில் இருபுறமும் ஆட்கள். வாசலுக்கு வாசல் பெட்டி ஒட்டுவார்கள். முக்கில் டீக்கடை, அதன் பெஞ்சில் எப்போதும் வேலையற்ற நாலு பேர். உபதேசியார் வீட்டு மருமகள் அவர்கள் முன்னால் சேலை விலகிப் புழுதியில் விழுவதா?

"நல்லாப் படிச்சு ஓட்டு. வேண்டாங்கல. ஆனா விழுந்து எந்திரிக்கிறதை ஊரு பாக்கக்கூடாது."

"விழாம எப்படி அத்தான் படிக்க?"

"வீட்டுக்குள்ள வச்சுப் படி" என்றேன்.

கூடத்தில் இருந்த இன்பராஜ் சிரித்துவிட்டான். நான் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு ராத்திரி வேலைக்குப் போனான். மறுநாள் வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க சொன்னது நடக்கும்" என்றான்.

"எது?"

"மிஷின்ல பாத்துக்கிட்டே இருந்தேன். ரோலரு சுத்துது, சக்கரம் சுத்துது, ஆனா மிஷினு நின்ன இடத்துலயே நிக்குது. சைக்கிளைத் தூக்கி ரோலர் மேல வச்சா? மிதிச்சா சக்கரம் ரோலரைச் சுத்தும். சைக்கிளு ஒரு அடி நகராது. பின்சக்கரத்துக்கு அடியில ரெண்டு, முன்சக்கரத்துக்கு ஒன்னு. பின்னால சுத்துறதை ஒரு கயித்துல முன்னாலைக்கும் இழுத்துவிட்டா, ரெண்டு சக்கரமும் ஓடும்."

"விழ மாட்டாளா?"

"பட்டாசாலைக்கும் உள் அறைக்கும் நடுவுல இருக்க நிலையில கொண்டு போய் வச்சிருவோம். சாஞ்சா ரெண்டு பக்கமும் நிலைக்கால். கையை ஊனிக்கிடலாம்."

அடுத்த நாளே அச்சாபீஸ் முதலாளியிடம் கேட்டு மூன்று பழைய ரோலர்களைக் கொண்டுவந்தான். அந்தக் காலத்து ரோலர் என்பது இரும்புக் கம்பியின் மேல் வச்சிரப் பசையையும் கருப்பட்டிப் பாகையும் காய்ச்சி வார்த்தது. தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும், மை ஏற அது தோது. காகிதக் கட்டு வந்த பலகைகளை அறைந்து சட்டம் செய்து, ரோலர்களை அதில் படுக்க வைத்து, விளக்கெண்ணெய் விட்டு, நிலைவாசலில் பொருத்தினான். விடுதியிலிருந்து கொண்டுவந்த சைக்கிளை ஒச்சப்பன் பின்னால் பிடித்துக்கொண்டார். சுப்புத்தாய் காரியம் ஒன்றும் இல்லாமலே வந்து நின்றாள்.

"நர்ஸம்மா எங்க பயணம்? மருதைக்கா?" என்றாள்.

"சமையக்கட்டு வரைக்கும்" என்று சொல்லிவிட்டு ஞானபூரணி மிதித்தாள்.

சக்கரம் சுற்றியது. சைக்கிள் நகரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சற்று நேரத்தில் வீடெல்லாம் ஒரு வாசனை. கருப்பட்டிக் காப்பி போடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுப்பு எரியவில்லை.

"என்னலே இது, டயரு கருப்பா வளியுது?" என்றார் ஒச்சப்பன்.

வெயிலும் உராய்ச்சலும் சேர்ந்து ரோலர்கள் இளகிவிட்டன. டயரில் பாகு ஒட்டி, நூல்நூலாக இழுத்தது. ஞானபூரணி மிதிக்க மிதிக்கச் சைக்கிள் சேற்றில் மாட்டிய வண்டி மாதிரி முனகி நின்றுவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் விடுதிச் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் எறும்பு.

சுப்புத்தாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி! நர்ஸம்மா படிக்குறதுக்குள்ள எறும்பெல்லாம் சைக்கிள் சவாரி படிச்சிரும் போலிருக்கே! அண்ணாச்சி, அதுகளும் வீட்டுக்குள்ளதான் படிக்குதுக, உங்க மானத்துக்கு ஒன்னும் கொறையில்ல."

என்னிடம் அப்படிப் பேச அந்தத் தெருவில் வேறு யாருக்கும் துணிவு கிடையாது. அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. குச்சி அடுக்கிக் காய்த்துப்போன கையோடு வந்து, டயரில் இருந்த பாகை வெந்நீர் விட்டுச் சுரண்டி எடுத்தவள் அவள்தான்.

இளகாத உருளை வேண்டும். மரத்தில் கடைய வேண்டும். விஸ்வநத்தத்துப் பெத்தணன் தொட்டில் கம்பும் கட்டில் காலும் கடைகிறவர். பூவரசு மரத்தில் கடைந்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மரம் மரத்தோடு உரசினால் மிதிக்க முடியாது, இரண்டு முனையிலும் பேரிங் வேண்டும் என்றார் ஒச்சப்பன்.

"பேரிங் எங்க கிடைக்கும்?" என்றான் இன்பராஜ்.

"அரவை மில்லுல கழிச்சுப் போட்டது கிடக்கும். விருதுநகரு மில்லுல..." என்று தொடங்கிய ஒச்சப்பன், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அன்று இரவு யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஞானபூரணி வழக்கம்போல ரசமும் சுட்ட அப்பளமும் வைத்தாள். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். கேட்காததால் விடிந்ததும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறினேன்.

மில் வாசலில் அதே காவலாளி. என்னைக் கண்டு எழுந்து நின்றார். மானேஜரும் அவரேதான். நான் நின்றுகொண்டே சொன்னேன்: "எங்க வீட்டு மருமக மருத்துவச்சி. சைக்கிள் பழக ஒரு சாமான் செய்யுறோம். கழிச்ச பேரிங் இருந்தா வேணும்."

அவர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பிறகு அவரும் எழுந்து நின்றார். இரண்டு பேரும் நின்றுகொண்டே காப்பி குடித்தோம். மிஷின் பிட்டரைக் கூப்பிட்டு, "கழிச்சதுல நல்லதாப் பாத்துப் பொறுக்கு. மண்ணெண்ணெய்ல கழுவிக் குடு. அண்ணாச்சி வேட்டியில கறை படக்கூடாது" என்றார். பழையதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்தப் பொட்டலம் என் மடியில் இருந்தது. அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

பெத்தணன் கடைந்து கொண்டுவந்த உருளைகளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நடுவில் கொஞ்சம் பருத்து, இரு முனையும் மெலிந்து, மெழுகு ஏற்றிப் பளபளவென்று இருந்தன. ஞானபூரணி ஏறி மிதித்தாள். சைக்கிள் நடுமேட்டிலிருந்து வழுக்கி ஓரத்துக்குப் போய், அவள் நிலைக்காலில் முட்டிக்கொண்டாள். மறுபடி ஏறினாள். இந்தப் பக்கம் முட்டினாள்.

"என்ன பெத்தணரே, நடுவுல பிள்ளைத்தாச்சி மாதிரி வயித்தைத் தள்ளி வச்சிருக்கீக?" என்றார் ஒச்சப்பன்.

"நான் கடைஞ்சதெல்லாம் தொட்டில் கம்பு. நடுவுல பருத்தாத்தானே பாக்க அம்சம்?"

"இது பாக்குறதுக்கு இல்லவே! சக்கரம் உருள்றதுக்கு. நடுவுல குழிவா இருந்தா அது தானா நடுவுக்கு வரும்."

"குழிவாக் கடைஞ்சா ஊர்க்காரன் என்ன சொல்லுவான்? பெத்தணனுக்கு உளி பிடிக்கத் தெரியலைன்னுவான்."

"ஊர்க்காரன் எங்க பாக்கப்போறான்? அண்ணாச்சி கதவைச் சாத்தித்தானே வச்சிருக்காரு."

பெத்தணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தன் பெயரைக் காப்பதில் அவரும் என்னைப் போலத்தான் என்று அப்போது புரிந்தது. "எங்க வீட்டுல இருந்து அது வெளிய போகாது பெத்தணரே" என்றேன். உருளைகளைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். அந்தச் சனிக்கிழமை காலையில், நடுவில் குழிவாகக் கடைந்து கொண்டுவந்துவிட்டார்.

அன்றுதான் நான் முதலில் சொன்ன ஆறு பேரும் பட்டாசாலையில் கூடினோம். பேரிங் பொருத்தி, ஒச்சப்பன் பழைய டியூபைச் சுருள்வாக்கில் அறுத்துக் கயிறு மாதிரி முறுக்கி, பின்னுருளையிலிருந்து முன்னுருளைக்குப் போட்டார். சேலை சிக்காதிருக்கப் பின்சக்கரத்தின் இருபுறமும் வலை பின்னியிருந்தார். ஞானபூரணி நிலைக்கால்களைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

"கீள பாக்காதீக நர்ஸம்மா. எதுக்க சுவத்துல காலண்டர் தொங்குதுல்ல, அதையே பாருங்க" என்றார் ஒச்சப்பன்.

மிதித்தாள். கடகடவென்று வீடு அதிர்ந்தது. ஒரு கையை எடுத்தாள். சைக்கிள் ஆடியது. மிதியைக் கூட்டினாள், ஆட்டம் குறைந்தது. மறுகையையும் எடுத்து ஹாண்டிலைப் பிடித்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. நிலைக்கால் இரண்டும் சாண் தூரத்தில் சும்மா நின்றன. அவள் காலண்டரையே பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சக்கரக் காற்றில் என் துண்டு பறந்தது. இன்பராஜ் பலகைச் சட்டத்தைக் குனிந்து பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஏசப்பா, ஸ்தோத்திரம்" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. சுப்புத்தாய், "எங்க காளியாத்தாளுக்கும் ஒன்னு சொல்லிருங்க அண்ணாச்சி, நானும் நேந்திருக்கேன்" என்றாள்.

வாசலில் யாரோ ஓடிவந்து நின்று மூச்சிரைத்தார்கள். விஸ்வநத்தம் பக்கத்துக் காளிராஜ், பட்டாசு ஆபீசில் மருந்து சலிக்கிறவன். உடம்பெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி அலுமினியப் பொடி.

"நர்ஸம்மா, எம் பொஞ்சாதி முத்துப்பேச்சிக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு! தலைச்சன்! ஓடி வாங்க!"

ஞானபூரணி நிலைக்காலைப் பிடித்து இறங்கினாள். "அவளுக்குப் பிள்ளை கால் கீழாக் கிடந்தது. போன வாரமே பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அத்தான், நடந்து போனா நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேன்."

சனிக்கிழமை. தீப்பெட்டி ஆபீசுகளில் சம்பள நாள். பாதி நாளோடு வேலை முடிந்து, தெருவெல்லாம் ஆட்கள். டீக்கடை பெஞ்சு நிறைந்திருந்தது. இதை எல்லாம் நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிக்கும் முன்பே இன்பராஜிடம், "சைக்கிளை வெளிய எடு" என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் ஒன்றை யோசிக்கவே இல்லை. அவளுக்கு ஓட்டத் தெரியும், ஏறத் தெரியாது. நிலைக்கால் இல்லாத இடத்தில் அவள் ஒரு தடவைகூடச் சைக்கிளில் ஏறியதில்லை. நடுத்தெருவில் மிதியில் கால் வைத்து எம்பினாள். பழக்கத்தில் இடது கை தானாக நிலைக்காலைத் தேடி வெளியே நீண்டது. அங்கே காற்றுத்தான் இருந்தது. பையும் சைக்கிளும் அவளுமாகப் புழுதியில் விழுந்தார்கள்.

டீக்கடையிலிருந்து ஒருவன், "உபதேசியார் வீட்டுல நெலம் அளக்காகடோய்!" என்றான். பெஞ்சு சிரித்தது.

ஞானபூரணி எழுந்தாள். முழங்கையில் ரத்தம். முதலில் பையைத் திறந்து மருந்துப் புட்டி உடைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் காதில் வேறொரு சத்தம் இருந்திருக்கும்.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். தெருவில் அப்படிக் கட்டியது அதுவே முதல் தடவை. சைக்கிளைத் தூக்கி நிறுத்தி வலப்பக்கம் ஹாண்டிலைப் பிடித்தேன். "ஏ சுப்புத்தாய், அந்தப் பக்கம் பிடி" என்றேன். "நீ ஏறு தாயி. என் தோளை ஊனிக்கோ."

"அத்தான்..."

"ஏறும்மா. அங்க ஒருத்தி கிடக்கா."

ஒரு கையை என் தோளிலும் ஒரு கையைச் சுப்புத்தாய் தலையிலும் ஊன்றி ஏறி உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, நிலை மாதிரி ஆடாம இருங்க, ஆனா ஓடுங்க!" என்று பின்னால் இருந்து கத்தினார் ஒச்சப்பன். ஆடாமல் எப்படி ஓடுவது என்று கேட்க நேரமில்லை. ஓடினோம். டீக்கடையைத் தாண்டினோம். கோயிலைத் தாண்டினோம். என் துண்டு எங்கேயோ விழுந்தது. சுப்புத்தாய் மூச்சு வாங்க, "நர்ஸம்மா, நீங்க சைக்கிள்ல போறீகளா, எங்க மேல போறீகளா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே ஓடினேன்.

"விடவாம்மா?"

"விட்டுராதீக அத்தான்!"

பத்து எட்டு போயிருப்போம். "இப்ப விடுங்க!"

விட்டோம். அவள் விழவில்லை. எதிரே விஸ்வநத்தம் பாதை வெயிலில் நேராகக் கிடந்தது. நட்ட நடுவே, தலை திரும்பாமல், முதுகு வளையாமல் போனாள். காளிராஜ் அவளுக்குப் பின்னால் ஓடினான், அவனால் எட்ட முடியவில்லை.

அன்று அவள் நிறுத்திய விதத்தைக் காளிராஜ்தான் பிறகு சொன்னான். பிரேக்கு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவு வரவில்லையாம். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்பந்தட்டைப் படப்புக் குவியலில் நேரே கொண்டுபோய் முட்டி நிறுத்திவிட்டு, தட்டையை உதறிக்கொண்டு உள்ளே போனாளாம். அவன் போய்ச் சேர்ந்து வாசலில் வெகுநேரம் காத்து நின்ற பிறகு வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது பிள்ளை அழுகிற சத்தம்.

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். தெருவில் நுழைந்தபோது டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சொல்லி வைத்து எழுந்ததல்ல. சேதி அவளுக்கு முன்பே வந்திருந்தது. கடைக்காரர் என் துண்டை உதறி மடித்து என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ஞானபூரணி கேட்ட முதல் வார்த்தை, "சோறு இருக்கா அத்தான்?" மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டாள். சுப்புத்தாயும் பெத்தணனும் ஒச்சப்பனும் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பட்டாசாலைக் கதவு திறந்தே கிடந்தது. தெருவில் போனவர்கள் உருளைச் சட்டத்தை எட்டிப் பார்த்தார்கள். பெத்தணனிடம் ஒருவன், "நடுவுல குழிவாக் கடையுறது பெரிய வித்தையாச்சே" என்றான். பெத்தணன் அவசரமில்லாமல் ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு, "ஆமா" என்றார்.

டாக்டரம்மா அடுத்த மாதம் வந்தார். ஞானபூரணி ஏறி, ஓட்டி, திருப்பி, பிரேக் போட்டு இறங்கிக் காட்டினாள். எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, வீட்டுக்குள்ளே என்றாள். அவர் நம்பவில்லை. வந்து பார்த்துவிட்டு, மற்ற ஊர் மருத்துவச்சிகளையும் ஒவ்வொருவராக அனுப்பி வைத்தார். அவர்கள் எல்லாரும் எங்கள் நிலைவாசலில் ஏறி, அந்தக் காலண்டரைப் பார்த்து மிதித்தார்கள். சுப்புத்தாய் பிடித்துக்கொண்டாள். ஒச்சப்பன் அதட்டினார். ஞானபூரணி வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை இந்த ஊரை விட்டு யாரும் அவளை மாற்றவில்லை. ஆண்டவர் கிருபையால் என் தம்பியும் அவளும் இன்றும் சுகமாக இருக்கிறார்கள்.

அந்தச் சுற்று வட்டாரத்து மருத்துவச்சிகளுக்கெல்லாம் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் பொன்ராஜ் அண்ணாச்சி என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கோயில் ஆண்டுவிழா மேடையிலும் போன வருஷம் ஒருவர் அப்படியே பேசிவிட்டார். அது உண்மையல்ல. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.